மரத்துக்குக் கட்டுப் போட்ட மனிதர்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பட்டயப் பிரிவு)



நமக்குக் கை கால் முறிந்தால் என்ன செய்கிறோம்? புத்தூர்க் கட்டுப் போட ஓடுகிறோம். இல்லையென்றால் ஆஸ்பத்திரிக்குப் போய் எலும்புக்குள் தகடு, ஸ்க்ரூ வைத்துக்கொண்டு வருகிறோம். முதல் நாளே காலை எடுத்துடுங்கன்னு யாரும் சொல்வதில்லை. ஆனால் ஐம்பது வருஷம் நிழல் கொடுத்த மரத்தின் கவட்டையில் ஒரு விரிசல் விழுந்துவிட்டால் போதும், வெட்டிடலாம் என்பதுதான் நம் வாயில் முதலில் வருகிற வார்த்தை!

மரத்துக்கும் வைத்தியம் உண்டு, அதைக் கற்றுத் தேர்ந்த ஆள்தான் செய்ய வேண்டும் என்று ஊர் ஊராகச் சொல்லி, அதை ஒரு தொழிலாகவே நிலைநாட்டியவர் ஜான் டேவி. அவர் மறைந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மேல்நாட்டில் மர வைத்தியம் என்றால் இன்றும் முதலில் வருகிற பெயர் அவருடையதுதான். பொறியியல் கல்லூரிக்குப் போக முடியாமல் டிப்ளமோ சேர்ந்தவங்கதானே என்று நம்மை நாமே குறைத்துப் பேசிக்கொள்ளும் நாம், இவருடைய வாழ்க்கையை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜான் டேவி 1846-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் சாமர்செட் பகுதியில் பிறந்தார். அப்பா பண்ணை வேலை பார்த்தவர். சின்ன வயதிலேயே மகனைத் தோட்டத்துக்கு அழைத்துப்போய் உருளைக்கிழங்கு நடக் கற்றுக்கொடுத்தார். எந்த வேலையானாலும் ஒழுங்காகச் செய், இல்லாவிட்டால் தொடாதே என்பதுதான் அவர் மகனுக்குத் தந்த பாடம். பள்ளிக்கூடப் படிப்பு மட்டும் கிடைக்கவில்லை. இருபது வயது வரை ஜானுக்கு எழுதப் படிக்கத் தெரியாது! அந்த வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்து, டார்க்கி என்ற ஊரில் தோட்டக்கலையும் பழகினார்.

1873-இல் கப்பலேறி அமெரிக்கா போனார். ஒஹையோ மாநிலத்தில் வாரன் என்ற ஊரில் ஒரு பள்ளியைக் கூட்டிப் பெருக்கும் காவலாளி வேலை கிடைத்தது. பகலில் வேலை, மற்ற நேரத்தில் படிப்பு. 1879-இல் பெர்த்தா என்ற பெண்ணை மணந்தார். 1881-இல் கென்ட் என்ற சிற்றூரின் கல்லறைத் தோட்டத்தைப் பராமரிக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது.

சுடுகாட்டு வேலைதானே என்று அவர் நினைக்கவில்லை. புதர் மண்டிக் கிடந்த இடத்தைப் பூந்தோட்டமாக்கினார். அங்கேதான் அவர் மரங்களை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். கோடாலியால் கண்டபடி வெட்டிய கிளை, பொந்து விழுந்த அடிமரம், கவட்டையில் பிளந்து நிற்கும் மரம் எல்லாவற்றையும் நோயாளியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். எந்த வெட்டு ஆறுகிறது, எது அழுகுகிறது என்று தன் கையாலேயே செய்து பார்த்துத் தெரிந்துகொண்டார். பார்த்ததைப் படம் பிடித்து, 1901-இல் தி ட்ரீ டாக்டர் என்ற நூலைச் சொந்த முயற்சியில் வெளியிட்டார். தலைப்புக்கு மர வைத்தியர் என்று பொருள். இருபது வயதில் எழுத்துக் கூட்டியவர், ஐம்பத்தைந்தில் நூலாசிரியர்!

1909-இல் மகன்களோடு சேர்ந்து அவர் தொடங்கிய நிறுவனம், வேலைக்கு வரும் இளைஞர்களுக்குக் கென்ட் நகரிலேயே பாடமும் நடத்தியது. தியரி, பிராக்டிகல் இரண்டும் உண்டு. நம்ம பாலிடெக்னிக் மாதிரிதான்! மகன்களில் ஒருவரான மார்ட்டின் டேவி 1935 முதல் 1939 வரை ஒஹையோ மாநில ஆளுநராக இருந்தார். அதைப் பார்க்க அப்பாவுக்குக் கொடுத்து வைக்கவில்லை. ஜான் டேவி 1923-இல் காலமானார். அவருடைய நிறுவனம் இன்றும் நடக்கிறது. 1979 முதல் அதன் முதலாளிகள் அங்கே வேலை செய்யும் தொழிலாளர்களே.

இனி நம்ம சப்ஜெக்டுக்கு வருவோம். மரம் ஏன் பிளக்கிறது? ஒரே கனமுள்ள இரண்டு பெருங்கிளைகள் குறுகலாகச் சேரும் இடத்தில், நடுவில் பட்டை மாட்டிக்கொள்ளும். மரத்தோடு மரம் அங்கே ஒட்டாது. கிளைகள் நீள நீள நெம்புகோல் போல அந்த இடத்தைப் பிளக்கப் பார்க்கும். காற்று வந்தால் தீர்ந்தது.

இதற்கு மூன்று வேலை. முதலில் கிளை நுனிகளில் பாரத்தைக் குறைக்க வேண்டும். அடுத்து, கவட்டையிலிருந்து உச்சி வரை உள்ள நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில், இரு கிளைகளையும் துளைத்து ஐ-போல்ட் மாட்டி, துருப்பிடிக்காத முறுக்குக் கம்பியால் இணைக்க வேண்டும். ஏன் அவ்வளவு உயரம்? முதலாண்டு மெக்கானிக்ஸ் பாடம்தான். கவட்டையிலிருந்து 2 மீட்டரில் கட்டினால் கம்பி தாங்க வேண்டிய விசையில், 6 மீட்டரில் கட்டினால் மூன்றில் ஒரு பங்கே வரும். மூன்றாவதாக, ஏற்கெனவே விரிசல் இருந்தால் அந்த இடத்தில் மரை போட்ட ராடு ஒன்றைக் குறுக்கே செருகி, இருபுறமும் வாஷரும் நட்டும் போட்டு இறுக்க வேண்டும்.

மரத்தில் ஓட்டை போடலாமா என்று கேட்கலாம். ஒரு சின்ன ஓட்டையை மரம் தாங்கிக்கொள்ளும். சுற்றிக் கட்டிய கம்பியைத் தாங்காது. இலையில் தயாரான உணவு பட்டையின் உட்புறம் வழியாகத்தான் கீழே இறங்குகிறது. மரம் பருக்கப் பருக்கக் கம்பி அதன் கழுத்தை நெரிக்கும். சேலையூர்ப் பக்கம் கேபிள் டி.வி. ஒயரையும் கொடிக்கயிற்றையும் விழுங்கிக்கொண்டு நிற்கும் வேப்பமரங்களை நானே பார்த்திருக்கிறேன்.

டேவி காலத்து வைத்தியம் எல்லாமே சரி என்று சொல்ல மாட்டேன். பொந்துக்குள் சிமெண்ட் அடைக்கும் வழக்கம் அப்போது இருந்தது. மரம் காயத்தைச் சுற்றித் தானே ஒரு சுவர் எழுப்பிக்கொள்கிறது என்று 1970-களில் அலெக்ஸ் ஷைகோ என்ற அமெரிக்க விஞ்ஞானி விளக்கிய பிறகு, அந்தப் பழக்கம் கைவிடப்பட்டது. ஆனால் கம்பியும் ராடும் இன்றும் நிற்கின்றன.

நம் ஊருக்கு இது எவ்வளவு தேவை என்று 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் காட்டியது. வண்டலூர் உயிரியல் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்து, பூங்காவையே மூட வேண்டியதாயிற்று. நான் அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். எங்க தெருமுனைத் தூங்குமூஞ்சி மரம் விழவில்லை, கவட்டையில் பிளந்து மட்டும் நின்றது. மறுவாரமே ரம்பம் வந்துவிட்டது. இஸ்திரி வண்டிக்காரர் அன்றைக்கு இழந்த நிழல் இன்னும் திரும்பவில்லை. வேர் அறுந்து சாய்ந்த மரத்தைக் கம்பி காப்பாற்றாது. பிளந்த மரத்தையாவது பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா? அடையாறு ஆலமரத்தின் தாய்மரம் 1989 புயலில் சாய்ந்தும், விழுதுகள் தாங்கியதால் அது இன்றும் உயிரோடு நிற்கிறது. ஆலமரம் தனக்குத் தானே தூண் நட்டுக்கொள்ளும். தூங்குமூஞ்சிக்கும் குல்மோகருக்கும் அந்தக் கொடுப்பினை கிடையாது. அவற்றுக்கு நாம்தான் விழுது!

நண்பர்களே! நாமே மரத்தில் ஏறி ஓட்டை போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது பழகியவர்கள் செய்ய வேண்டிய ஆபத்தான வேலை. போட்ட கம்பியை வருஷா வருஷம் சோதிக்கவும் வேண்டும். ஆனால் ஐப்பசி மழைக்கு முன்னால், நம் வளாகத்து மரங்களின் கவட்டைகளை அண்ணாந்து பார்த்துக் குறித்துக்கொடுக்க நம்மால் முடியும். விசையும் நெம்புகோலும் நட்டும் போல்ட்டும் நமக்குத் தெரிந்த பாஷைதானே? கல்லறைத் தோட்டத்தில் வேலை பார்த்த ஒருவர் ஓர் உலகத் தொழிலையே உண்டாக்கினார். தாம்பரத்தில் ஒரு மரத்துக்குக் கட்டுப் போட நம்மால் ஆகாதா?

முயல்வோம்! மரம் காப்போம்!