வல்லம் தந்த எண்ணியல் அறிஞர்

குற்றாலச் சாரல் படியும் ஊர்களுள் வல்லமும் ஒன்று. கணித உலகம் போற்றும் சிவசங்கரநாராயண பிள்ளை 1901 ஏப்ரல் 5 அன்று அவ்வூரில் பிறந்தார். தந்தையார் சுப்பையா பிள்ளை. தாயார் கோமதி அம்மாள். சங்கரன்கோவில் அம்மையின் பெயர் தாய்க்கும், அப்பனின் பெயர் மகனுக்கும் அமைந்தன. வாசுதேவநல்லூர்ப் பகுதியார்க்கு அப்பெயர்கள் உறவுப் பெயர்கள் போன்றவை.

பிறந்த ஓராண்டில் தாயை இழந்தார். பள்ளியின் இறுதியாண்டில் தந்தையையும் இழந்தார். ஆசிரியர் ஒருவர் கைகொடுக்கக் கல்வி தொடர்ந்தது. நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியிலும் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலும் பயின்றார். 1927-இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுதவி பெற்றார். 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக விளங்கினார். அவரது பெரும்பணி சிதம்பர மண்ணில்தான் விளைந்தது.

எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களுக்கு மிகாமல் கூட்டிப் பெறலாம். அவ்வாறே உயர் அடுக்குகளுக்கு எத்தனை வேண்டும் என்பது 1770-இல் வாரிங் எழுப்பிய வினா. ஆறாம் அடுக்குக்கு 73 போதும் என்று 1940-இல் பிள்ளை நிறுவினார். அதற்குக் குறைந்தால் போதாது என்பதற்கு 703 சான்று. மூன்றின் ஆறாம் அடுக்கு 729. அது 703-ஐக் கடந்துவிடுகிறது. எஞ்சுபவை 64-உம் 1-உம் மட்டுமே. பத்து 64-களும் அறுபத்து மூன்று 1-களும் சேர்ந்தாலன்றி 703 நிறைவதில்லை.

அதே காலத்தில் வேறொரு வினாவையும் அவர் ஆராய்ந்தார். அடுத்தடுத்து நிற்கும் எண்களுள், மற்ற எதனோடும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாத எண் ஒன்றேனும் இருக்குமா? பதினாறு எண்கள் வரை கட்டாயம் இருக்கும் என்று மெய்ப்பித்தார். பதினேழில் அந்நியதி உடைகிறது. 2184 முதல் 2200 வரை எண்ணினால் பதினேழு. அவற்றுள் தனித்த எண் ஒன்றும் இல்லை. இரட்டை எண்களை 2 பிணைக்கிறது. 2197 என்பது 13-இன் கனம். 13-ஆல் வகுபடும் 2184 அதற்குத் துணை. 2189-இல் மறைந்துள்ள 11, வரிசையின் கடைக்கோடியான 2200-இலும் உண்டு. 2187, மூன்றை ஏழு முறை பெருக்கியது. அதற்கும் 2184 உறவாகிறது. பதினேழும் அதற்கு மேலும் எத்தனை எண்களை எடுத்தாலும் இத்தகைய வரிசை உண்டு என்பதை 1941-இல் பிரௌவர் முழுமையாக நிறுவினார்.

திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு பணியாற்றியபின், லெவியின் அழைப்பை ஏற்றுக் கல்கத்தாப் பல்கலைக்கழகம் சென்றார். 1950-இல் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனம் ஓராண்டு தங்கி ஆய்வு செய்ய அவரை அழைத்தது. ஹார்வர்டில் நடந்த உலகக் கணித மாநாட்டிற்குச் சென்னைப் பல்கலைக்கழகப் பேராளராகவும் புறப்பட்டார். ஆகஸ்டு 31 அன்று எகிப்தில் நேர்ந்த விமான விபத்தில் மறைந்தார். அப்போது அகவை 49.

மாநாட்டு அரங்கு அவரைக் காணவில்லை. இராமானுசனை அறிந்த தமிழுலகமும் பிள்ளையைப் போதிய அளவு அறிந்திலது. 703-உம் 2184-உம் அவரது சிந்தனையின் ஆழத்தை இன்றும் காட்டி நிற்கின்றன. சாரல் நாட்டுப் புலமையைப் பாட்டால் மட்டும் அளப்போர், வல்லத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.