ஞாபகத்தை அளந்த அறிஞர்: ஹெர்மன் எபிங்ஹௌஸ்

ஞாபகசக்தி போதவில்லை என்று வருந்தாத மாணவர் அரியர். இரவெல்லாம் கண்விழித்துக் கற்ற பாடம் பரீட்சை மண்டபத்தில் கைவிடுவதும், இளமையிற் பயின்ற வாய்பாடு முதுமையிலும் நாவில் நிற்பதும் நாம் யாவரும் கண்டவையே. இவை தற்செயலாய் நிகழ்வனவா, ஒரு நியதிக்கு உட்பட்டனவா என்னும் வினாவுக்குத் தம் மனத்தையே சோதனைச்சாலையாக்கி விடை கண்ட ஒருவரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

ஹெர்மன் எபிங்ஹௌஸ் என்பார் 1850-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 24-ஆம் தேதி, ஜெர்மனி தேசத்தில் பார்மன் என்னும் நகரில், ஒரு வணிகரின் மகனாகப் பிறந்தார். பதினேழாம் வயதில் பான் சர்வகலாசாலையிற் புகுந்து சரித்திரமும் மொழியியலும் கற்கத் தொடங்கினார். ஆயினும் அவர் உள்ளம் தத்துவ சாஸ்திரத்தையே நாடிற்று. 1870-இல் பிரஷ்யாவுக்கும் பிரான்ஸுக்கும் போர் மூளவே, படையிற் சேர்ந்து பணிபுரிந்தார். மீண்டு வந்து 1873-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அதன்பின் சில ஆண்டுகள் இங்கிலாந்திலும் பிரான்ஸிலும் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் காலங் கழித்தார்.

அந்நாட்களில் பழைய புத்தகக் கடை ஒன்றில் குஸ்தாவ் ஃபெக்னர் 1860-இல் வெளியிட்ட நூல் அவருக்குக் கிடைத்ததென்பர். கண்ணும் செவியும் உணர்வனவற்றைக் கணக்கிட்டு அளக்கலாம் என்று காட்டிய நூல் அது. புலனுணர்ச்சியை அளக்கலாமெனின் ஞாபகத்தை ஏன் அளக்கலாகாது என்று எபிங்ஹௌஸ் எண்ணினார். நினைவு, சிந்தனை முதலிய உயர்ந்த மனச்செயல்கள் சோதனைக்கு அடங்கா என்பது அக்காலப் பேரறிஞரான வில்ஹெல்ம் வுண்ட் முதலியோரின் கொள்கை. நம் அறிஞரோ, பெருஞ் சோதனைச்சாலையும் உதவியாளரும் இன்றித் தாம் ஒருவராகவே வேலையைத் தொடங்கினார்.

பொருளுடைய சொற்கள் முன்னறிவின் துணையால் எளிதில் மனத்திற் பதியும். ஆதலின் அவற்றால் ஞாபகத்தின் இயல்பைத் தனித்து அறிதல் அரிது. இதனை உணர்ந்த அவர், மெய், உயிர், மெய் என்னும் முறையில் ஒலிகளைச் சேர்த்துச் சுமார் 2,300 அசைகளை அமைத்துக்கொண்டார். அவற்றை வரிசை வரிசையாக எடுத்து, கடிகாரத்தின் ஓசைக்கு இணங்க ஒரே வேகத்தில் வாசித்து, பிழையின்றி ஒப்பிக்கும் வரையிற் கற்றார். சிறிது காலம் கழித்து அவ்வரிசையையே மீண்டும் கற்று, இம்முறை எவ்வளவு உழைப்பு மிச்சமாயிற்று என்று கணக்கிட்டார். முதலில் முப்பது முறை வாசிக்க வேண்டியிருந்தது பின்னர் இருபது முறையில் முடிந்ததெனின், மூன்றில் ஒரு பங்கு மனத்தில் எஞ்சியிருந்தது எனக் கொள்ளலாமன்றோ? 1879, 1880-ஆம் ஆண்டுகளில் இவ்வாறு சோதித்தவர், அதனோடு அமையாது 1883, 1884-இல் மீண்டும் சோதித்தார். அதன் பின்னரே, 1885-இல், ஞாபகத்தைக் குறித்த தம் நூலை வெளியிட்டார்.

அவர் கண்ட முடிவுகள் மாணவர் சிந்திக்கத் தக்கவை. கற்ற ஒரு மணி நேரத்திற்குள்ளேயே மிச்சம் நூற்றுக்கு 44 ஆகக் குறைந்தது. ஒரு நாளில் 34 அளவாயிற்று. ஆயினும் ஒரு மாதம் சென்ற பின்னரும் 21 அளவில் நின்றது. மறதி முதலில் விரைந்தோடிப் பின் மெல்ல நடக்கின்றது என்பது இதனால் விளங்கும். ஏழு அசைகளை ஒருமுறை வாசித்த அளவில் ஒப்பித்த அவருக்குப் பன்னிரண்டு அசைகளுக்குப் பதினாறு முறைக்கு மேல் வேண்டியிருந்தது. பைரன் கவியின் செய்யுட்களைக் கற்றபோதோ, பொருளற்ற அசைகளுக்கு வேண்டிய உழைப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே போதியதாயிற்று. இவற்றினும் சிறந்தது ஒன்றுண்டு. ஒரே அமர்வில் 68 முறை ஓதிப் பெற்ற பயனை, மூன்று நாட்களிற் பகிர்ந்து 38 முறை ஓதியே அவர் பெற்றார்.

அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் வெளியிட்ட பெருநூலில் இவ்வுழைப்பைப் பாராட்டினார். அவ்வாண்டிலேயே எபிங்ஹௌஸ், ஆர்தர் கோனிக் என்பாருடன் சேர்ந்து மனோதத்துவப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார். ஆயினும் பெர்லினில் தலைமைப் பேராசிரியர் பதவி அவருக்குக் கிட்டவில்லை. 1894-இல் அது கார்ல் ஷ்டும்ப் என்பாருக்கு அளிக்கப்பட்டது. எபிங்ஹௌஸ் பிரெஸ்லௌ நகர் சென்றார். பள்ளிப் பிள்ளைகள் தொடர்ந்து பல மணி நேரம் கற்பதால் எவ்வாறு களைப்புறுகின்றனர் என்று அங்கே ஆராய நேர்ந்தபோது, இடையிடையே சொற்கள் விடுபட்ட வாக்கியங்களை நிரப்பச் செய்யும் சோதனையை வகுத்து 1897-இல் வெளியிட்டார். கோடிட்ட இடங்களை நிரப்பும் இக்கால மாணவர் அதனை நன்கறிவர். 1905-இல் ஹாலே சர்வகலாசாலைக்குச் சென்ற அவர், 1909-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 26-ஆம் தேதி, தமது 59-ஆம் வயதில் நிமோனியா நோயால் காலமானார்.

அவர் முறைக்குக் குறை கூறினாரும் உளர். கேம்பிரிட்ஜ் அறிஞர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932-இல் வெளியிட்ட நூலில், மனிதர் நினைவு கூர்வது பெட்டியில் வைத்ததை எடுப்பது போன்றதன்று, முன்னறிவைக் கொண்டு மீண்டும் கட்டுவது போன்றது என்று விளக்கினார். பொருளை நீக்கிய சோதனை வாழ்க்கையின் ஞாபகம் முழுவதையும் காட்டாது என்பது உண்மையே. எனினும் எபிங்ஹௌஸ் வரைந்த மறதிக்கோடு பொய்க்கவில்லை. ஆம்ஸ்டர்டாம் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர் அச்சோதனையை மீண்டும் நடத்தி 2015-இல் வெளியிட்ட முடிவுகளும் அதனோடு பெரிதும் ஒத்திருந்தன.

மறதி என்பது மந்தபுத்தியின் அடையாளமன்று; இம்மேதையையும் அது விட்டிலது. தாம் மறந்ததை மறைக்காது நாள்தோறும் கணக்கில் எழுதியமையாலேயே அவர் ஒரு சாஸ்திரத்திற்கு வழிகாட்டியானார். ஆதலின் நாம் மறந்தோமென்று மனந்தளராது, பொருளுணர்ந்து கற்று, கற்றதை மறுநாளும் அதற்கு மறுநாளும் ஓதி வருவோமாக. பரீட்சைக்கு முந்திய ஓர் இரவால் ஆகாதது, பல நாட்களின் சிறு உழைப்பால் ஆகும்.