பிறந்தகமும் புகுந்தகமும்: பேராசிரியர் மாக்ஸ் முல்லர் வாழ்க்கை

பெண் மக்களுக்குப் பிறந்தகம், புகுந்தகம் என இரண்டு இல்லங்கள் உண்டு. இரண்டின் நலத்தையும் நாடி, இரண்டிடத்தும் குறைச்சொல் கேட்கும் நிலை அவர்களுக்கு நேர்வதுண்டு. கல்வியின் பொருட்டு நாடு விட்டு நாடு சென்ற அறிஞர்க்கும் அந்நிலை வாய்த்திருக்கிறது. ஜெர்மானிய மண்ணில் பிறந்து, இங்கிலாந்தில் குடியேறி, இந்திய நூல்களை ஆராய்ந்த மாக்ஸ் முல்லர் அத்தகையோருள் ஒருவர்.

1823 டிசம்பர் 6-இல் டெஸ்ஸாவ் நகரில் அவர் பிறந்தபோது ஜெர்மனி என்னும் ஒரே அரசு உருவாகவில்லை. சிற்றரசுகள் பலவாகவே அந்நிலம் பிரிந்து கிடந்தது. தந்தையார் வில்ஹெல்ம் முல்லர் புகழ்மிக்க கவிஞர். மகனுக்கு நான்கு வயது நிறையுமுன் அவர் மறைந்தார். அன்னையின் அரவணைப்பில் வளர்ந்த மைந்தர் 1843-இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் பெர்லினில் மொழியறிஞர் பாப்பிடமும், பாரிஸில் பர்னூஃபிடமும் பயின்றார். ரிக் வேதத்தைச் சாயனர் உரையுடன் பதிப்பிக்குமாறு தூண்டியவர் பர்னூஃபே.

அதற்கான சுவடிகள் இலண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் நூலகத்தில் இருந்தன. அவற்றைத் தேடியே 1846-இல் இங்கிலாந்து சென்றார். விக்டோரியா அரசியாரின் கணவர் ஆல்பர்ட் இளவரசரே ஜெர்மானியராக இருந்த காலம் அது. பிரஷ்யத் தூதர் பன்சன் துணை நின்றார். அச்சுச் செலவைக் கம்பெனி ஏற்றது. 1849-இல் தொடங்கிய பதிப்பு, ஆறு தொகுதிகளாக 1874-இல் நிறைவெய்தியது. இதற்கிடையே ஆக்ஸ்போர்டில் ஐரோப்பிய மொழிப் பேராசிரியரானார். 1855-இல் பிரிட்டிஷ் குடிமகனானார். 1859-இல் ஆங்கிலப் பெண்மணி ஜார்ஜினாவை மணந்தார்.

எனினும் புகுந்தகம் அவரை முழுமையாக ஏற்றதா? 1860-இல் ஆக்ஸ்போர்டின் போடன் சமஸ்கிருதப் பேராசிரியர் பதவிக்குத் தேர்தல் வந்தது. பட்டதாரிகளே வாக்காளர்; அவருள் பாதிரிமார் பலர். புலமையில் முல்லர் ஓங்கியிருந்தார். ஆயினும் அவர் அயல்நாட்டார் என்பதும், அவருடைய சமயக் கருத்துகள் தாராளமானவை என்பதும் அவருக்கு எதிராக எழுந்தன. டிசம்பர் 7 அன்று, தம் 37-ஆம் பிறந்தநாளுக்கு மறுநாள், 610 வாக்குகள் மட்டுமே பெற்றுத் தோற்றார். மோனியர் வில்லியம்ஸ் 833 வாக்குகள் பெற்று வென்றார். குடியுரிமைப் பத்திரம் தர இயலாத ஒன்று உண்டென்பதை அந்நாள் அவருக்குக் காட்டியது.

மனம் நொந்தாரேயன்றி முல்லர் முடங்கவில்லை. மொழியியல் பற்றிய அவர்தம் சொற்பொழிவுகள் இலண்டன் மக்களைக் கவர்ந்தன. 1868-இல் ஒப்பியல் மொழிநூல் பேராசிரியர் பதவியைப் பல்கலைக்கழகமே அவருக்கென நிறுவியது.

1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. தொடக்கத்தில் ஜெர்மானியர்பால் சாய்ந்த ஆங்கிலேயர் மனம், பிரான்சு வீழ்ந்தபின் மாறத் தொடங்கியது. முல்லர் டைம்ஸ் இதழில் மடல்கள் எழுதிப் பிறந்தகத்தின் வழக்கை எடுத்துரைத்தார். முப்பது ஆண்டுகள் கழித்து, போயர் போரின்போது நிலைமை தலைகீழாயிற்று. ஜெர்மானியர் இங்கிலாந்தைத் தூற்றினர்; முல்லர் ஜெர்மானிய இதழிலேயே இங்கிலாந்துக்காக வாதிட்டார். வரலாற்றறிஞர் மாம்சென் அவரை மறுத்தெழுதினார். இவ்விரு வழக்குகளிலும் முல்லர் கூறியவை அனைத்தும் சரியென நாம் கொள்ள வேண்டுவதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் தாம் வாழ்ந்த மன்றத்தில் எவர்க்காகப் பேச ஆளில்லையோ அவர்க்காகவே அவர் பேசினார் என்பது கருதத்தக்கது.

அவரிடம் பிழைகளும் உண்டு. தமிழ் முதலிய தென்மொழிகளைத் துரானியம் என்னும் பெருங்குழுவில் அவர் சேர்த்ததைப் பிற்கால மொழியியல் ஏற்கவில்லை. ஆரியர் என்னும் சொல்லைத் தொடக்கத்தில் இனப்பொருளிலும் ஆண்டார்; ஆனால் அது மொழியைக் குறிப்பதேயன்றிக் குருதியைக் குறிப்பதன்று என 1888-இல் தெளிவுற மறுத்துரைத்தார். அம்மறுப்பைக் கேளாச் செவியரால் பின்னாளில் ஐரோப்பா பட்ட துன்பம் உலகறிந்தது.

கீழ்த்திசைப் புனித நூல்கள் என்னும் வரிசையே அவருடைய பெரும்பணி. 1879 முதல் 1910 வரை 50 தொகுதிகள் வெளிவந்தன. உபநிடதங்களும் தம்மபதமும் கன்பூசிய நூல்களும் நிற்கும் அவ்வரிசையில், பால்மர் மொழிபெயர்த்த திருக்குர்ஆன் 1880-இல் இரு தொகுதிகளாக இடம்பெற்றது.

1900 அக்டோபர் 28-இல் ஆக்ஸ்போர்டில் முல்லர் மறைந்தார். பதினான்கு ஆண்டுகளில் அவருடைய இரு நாடுகளும் போர்க்களத்தில் எதிர்நின்றன. பிரிட்டனில் வாழ்ந்த ஜெர்மானியர் ஆயிரக்கணக்கில் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்தம் கடைகள் சூறையாடப்பட்டன. அரச குடும்பமே 1917-இல் தன் ஜெர்மானியப் பெயரைத் துறந்து விண்ட்சர் என்னும் பெயர் பூண்டது. அக்கொடுமையைக் காணாது சென்றது அவர் பேறு எனலாம்.

இந்திய மண்ணை ஒருமுறையும் மிதியாத அவர் பெயரால், ஜெர்மானியப் பண்பாட்டு நிலையங்கள் சென்னை உள்ளிட்ட இந்திய நகரங்களில் மாக்ஸ் முல்லர் பவன் என வழங்குகின்றன. வாக்கெடுப்பில் அவருக்குக் கிட்டாத இடத்தை உழைப்பு வாங்கித் தந்தது. ஒருவனுடைய பற்றைப் பிறப்பால் அளப்பவர் எக்காலத்தும் உளர். அவர்க்குச் சொல்லால் விடையிறுப்பதினும் செயலால் விடையிறுப்பதே நிலைக்கும் என்பதற்கு அவர் வாழ்வு சான்று.