அசன்பேயைத் தந்த அறிஞர்

ஈழத்துத் தமிழ் நாவலுக்குக் கால்கோளிட்டவர் சித்தி லெப்பை அவர்கள். 1838ஆம் ஆண்டு கண்டியிற் பிறந்தார். சட்டம் பயின்று வழக்கறிஞரானார். செல்வமும் செல்வாக்கும் வாய்த்தும், தம் சமூகம் கல்வியிற் பின்தங்கியமை அவர் நெஞ்சை உறுத்திற்று. 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கினார்.

1885இல் அவருடைய 'அசன்பே சரித்திரம்' வெளிவந்தது. எகிப்தில் மகவாயிருந்தபோதே கவர்ந்து செல்லப்பட்ட அசன், இந்தியாவில் வளர்ந்து, தன் பெற்றோரைத் தேடியடையும் கதை அது. வீரமும் காதலும் விரவியது. ஆயின் மந்திர மாயங்களை நம்பி நடப்பதன்று.

அல்லி அரசாண்ட கதையைச் சுவைத்த நம் முன்னோர், தம் புதல்வியரை எழுத்தறியாது வைத்தனர். சித்தி லெப்பையோ கண்டியிற் பெண்மக்களுக்குப் பள்ளி கண்டார். நாவலினும் அரிய செயல் அதுவேயென்பேன். 1898இல் அவர் மறைந்தார். இன்று மாம்புரிக் கரையிலும் சிறுமியர் ஏடு தாங்கிப் பள்ளி செல்கின்றனர். அன்னார் கண்ட கனவின் பயன் இதுவன்றோ!