1910-ல் பூமியை உரசிய வால்நட்சத்திரம்: உலகமே பயந்தபோது எட்டயபுரத்து பாரதி என்ன கேட்டார்?

1910 மே மாதம். விடியற்காலையில் கிழக்கே பார்த்தால், வெள்ளிக்குப் பக்கத்தில் நீண்ட வாலோடு ஒரு வெளிச்சம். அதுதான் ஹாலி வால்நட்சத்திரம். அதன் வாலுக்குள் பூமி புகப்போகிறது என்ற செய்தியால் உலகின் பல பகுதிகளில் ஜனங்கள் மிரண்டு போயிருந்தார்கள். அந்த நேரத்தில் புதுச்சேரியில் இருந்த 27 வயது இளைஞர் ஒருவர், அந்த வால்நட்சத்திரத்தையே கூப்பிட்டுக் கேள்வி கேட்டு ஒரு பாட்டு எழுதினார். அவர்தான் சுப்பிரமணிய பாரதி.

எட்டயபுரத்துப் பையன்

1882 டிசம்பர் 11-ல் எட்டயபுரத்தில் பிறந்தவர் பாரதி. ஐந்து வயதில் அம்மா லட்சுமி அம்மாளை இழந்தார். 11 வயதில் சமஸ்தானத்துப் புலவர்கள் முன்னால் பாடி 'பாரதி' பட்டம் வாங்கினார். அப்பா சின்னசாமி ஐயர், கரிசல் மண்ணில் விளையும் பருத்தியை நம்பி மேல்நாட்டு இயந்திரங்களோடு ஆலை வைத்தார். அது நொடித்துப்போனது. 1898-ல் அவரும் காலமானார்.

அப்பாவின் ஆசைப்படி திருநெல்வேலி இந்து கல்லூரியில் ஆங்கிலக் கல்வி படித்தார் பாரதி. ஆனால் அந்தப் படிப்பு அவருக்குப் பிடிக்கவே இல்லை. வருஷக்கணக்கில் கணக்குப் படித்தவர்களுக்கு வானத்தில் ஒரு நட்சத்திரத்தின் நிலைகூடத் தெரியவில்லையே என்று தன் சுயசரிதைப் பாட்டில் வருந்தியிருக்கிறார். பிறகு காசி, மறுபடியும் எட்டயபுரம், மதுரை, சென்னை என்று வாழ்க்கை ஓடியது. கைது பயத்தால் 1908-ல் புதுச்சேரி போனார். பிரிட்டிஷ் அரசின் நெருக்கடியில் அவருடைய 'இந்தியா' பத்திரிகை 1910 மார்ச்சில் நின்றுபோனது. அடுத்த சில வாரங்களில் வால்நட்சத்திரம் வந்தது.

அப்படி என்ன பயம்?

ஹாலியின் வாலில் சயனோஜன் என்ற விஷவாயு இருப்பதை அந்த ஆண்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருந்தார்கள். மே 18, 19 தேதிகளில் பூமி அந்த வாலைக் கடக்கும் என்றதும் பீதி பரவியது. அமெரிக்காவில் வால்நட்சத்திர மாத்திரைகூட விற்றார்கள். கடைசியில் ஒன்றும் நடக்கவில்லை. காரணம், வால் அவ்வளவு மெலிசு, கிட்டத்தட்ட வெற்றிடம் மாதிரி.

பாரதியின் 'சாதாரண வருஷத்துத் தூமகேது' என்ற பாட்டில் இந்த விஷயம் அப்படியே இருக்கு. (சாதாரண என்பது அந்தத் தமிழ் ஆண்டின் பெயர்.) வால் மிக மெல்லிய வாயுவால் ஆனது, பூமியைத் தொட்டாலும் கெடுதல் செய்யாது என்று அறிஞர்கள் சொல்வதைச் சேர்த்திருக்கிறார். 75 வருஷத்துக்கு ஒருமுறை வரும் என்பதும் உண்டு. சின்னத் தலை, பெரிய வால் என்பதற்கு அவர் பிடித்த உவமை தினையும் பனையும். இரண்டுமே வறண்ட நிலத்துக்காரருக்குப் பழகியவை.

அதே பாட்டில் ஒரு வலியும் இருக்கு. நம் நூல்களை நாமே பல நூறு வருஷமாக மறந்துவிட்டோம், இதைப் பற்றிகூட அந்நியர் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறோம் என்கிறார். அன்றைக்குக் கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் இருந்தது. ஆனால் அதற்குத் தலைமை வகித்தவர் பிரிட்டிஷ்காரர். தூமகேதுவால் கேடு வரும் என்கிறார்களே, நாட்டுக்கு நன்மை வரும் என்றும் சொல்கிறார்களே, இதெல்லாம் பொய்யா மெய்யா என்று அதனிடமே கேட்கிறார் பாரதி.

வாலில் இருப்பது என்ன?

தூமகேது என்றால் புகையைக் கொடியாகக் கொண்டது என்று அர்த்தம். உண்மையில் வால்நட்சத்திரத்துக்கு வாயு வால் ஒன்று, தூசி வால் ஒன்று. 1986-ல் ஹாலி திரும்பி வந்தபோது 'ஜியோட்டோ' விண்கலம் சுமார் 600 கிலோமீட்டர் நெருங்கிப் போய்ப் பார்த்தது. அதன் கரு நிலக்கரியைவிடக் கருப்பு. அதிலிருந்து வந்த தூசியில் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன் இருந்தன.

சுமார் 460 கோடி வருஷத்துக்கு முன் நட்சத்திரங்களுக்கு இடையே இருந்த தூசி மேகத்தில்தான் சூரியக் குடும்பமே உருவானது. அந்தக் காலத்துப் பொருளை வால்நட்சத்திரங்கள் உறைய வைத்துப் பாதுகாக்கின்றன. அதே வகைத் தூசிதான் பால்வெளியின் நடுவே கருப்புத் திட்டாகத் தெரிகிறது. சுமார் 3 கோடி ஒளியாண்டு தூரத்தில் உள்ள என்ஜிசி 891 என்ற சுருள் கேலக்ஸியில், அது தட்டுக்கு மேலேயும் இழை இழையாக எழும்பி நிற்கிறது. நட்சத்திரங்கள் வெடிக்கும்போது மேலே வீசப்படுவதாக விஞ்ஞானிகள் விளக்குகிறார்கள்.

பாரதிக்குப் பிறகு

1921 செப்டம்பரில், 38 வயதில், சென்னை திருவல்லிக்கேணியில் பாரதி மறைந்தார். 1949-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு வால்நட்சத்திரத்துக்கு வைணு பாப்பு என்ற இந்தியரின் பெயரும் சேர்ந்தது. 1960-ல் அவரே கொடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநர் ஆனார். பிறகு காவலூரில் ஆய்வகம் அமைத்தார். அந்நியர் சொல்லித் தெரிந்துகொள்ளும் நிலை கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

பாரதி தன் புதிய ஆத்திசூடியில் குழந்தைகளுக்குச் சொன்ன கட்டளைகளில் வானநூல் படிப்பதும் ஒன்று. ஹாலி அடுத்து வருவது 2061-ல். இன்றைக்கு எட்டயபுரத்துப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளைகளால் அதைப் பார்க்க முடியும்.