கப்பற்கலை வல்லார் ஜம்ஷெட்ஜி வாடியா

வடாலாவிலிருந்து துறைமுகப் பாதை ரயிலேறிக் கோட்டைப் பகுதி அலுவலகங்களுக்குச் செல்லும் அன்பர்கள் நம்மில் பலர். அங்கே கடற்படையின் காவலுக்குள் ஒரு பழைய கப்பல் தளம் இருக்கின்றது. நம்மைப் போலவே தொழில் நாடி இவ்வூருக்கு வந்த ஒரு குடும்பம், அத்தளத்தில் உலகம் வியக்கும் போர்க்கப்பல்களைக் கட்டியது. அக்குடும்பத்தின் புகழ்மிக்க புதல்வரே ஜம்ஷெட்ஜி பொமான்ஜி வாடியா. அவர்தம் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிதல் நன்று.

1661ஆம் ஆண்டுத் திருமண உடன்படிக்கையின்படி, போர்ச்சுகீசியர் வசமிருந்த பம்பாய் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸுக்குச் சீதனமாயிற்று. அதனைப் பெற்றுக்கொள்ள 1662இல் ஆங்கிலப் போர்க்கப்பல்கள் இத்துறைமுகத்தை அடைந்தன. அத்தகைய கப்பல்களை இவ்வூர்த் தச்சர்களே அந்நாட்டுக்குக் கட்டித் தரும் காலம் வருமென்று அன்று எவரும் கனவு கண்டிருக்க மாட்டார்.

1736இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் அழைப்பை ஏற்று, சூரத்திலிருந்து லௌஜி நுசர்வான்ஜி என்னும் பார்சித் தச்சர் சில தொழிலாளருடன் இங்கு வந்தார். 1750இல் பம்பாயில் உலர்துறை அமைந்தது. கடல்நீரை வெளியேற்றிக் கப்பலின் அடிப்பாகத்தைச் செப்பனிட உதவும் பெருங்குழி அது. லௌஜியின் பேரரே ஜம்ஷெட்ஜி.

பாட்டனார் தலைமைத் தச்சராயிருந்தும் பேரருக்குச் சலுகை இல்லை. மாதம் 12 ரூபாய் ஊதியத்தில், சாதாரணத் தச்சராகவே அவர் உளி பிடித்தார். இருபது ஆண்டு உழைப்பின் பின், 1792இல் தம் பெரிய தந்தையின் மகன் பிராம்ஜியுடன் தலைமைப் பதவியை எய்தினார்.

அக்காலத்தில் இங்கிலாந்து பிரான்ஸுடன் நெடும்போரில் ஈடுபட்டிருந்தது. அந்நாட்டின் ஓக் மரங்கள் குறைந்துவிட்டன. மலையாளக் கரையின் தேக்கோ ஓக்கினும் நீடித்து உழைப்பது. ஓக் மரத்தின் துவர்ப்புச் சாறு இரும்பாணியை அரிக்கும்; தேக்கின் எண்ணெய்ப் பசையோ அதனைக் காக்கும். ஆயினும், பெரும் போர்க்கப்பலை ஓர் இந்தியரின் பொறுப்பில் விடலாமா என்ற ஐயம் ஆங்கிலேயரிடையே இருந்தது.

அந்த ஐயத்திற்கு ஜம்ஷெட்ஜி சொல்லால் விடையளிக்கவில்லை. 1810இல் 74 பீரங்கிகள் தாங்கும் மிண்டன் என்னும் கப்பலை நீரில் இறக்கினார். பிரிட்டிஷ் அரசுக் கடற்படைக்கென இந்தியாவில் உருவான முதல் பெரும் போர்க்கப்பல் அதுவே. 1813இல் கார்ன்வாலிஸ், 1815இல் வெல்லெஸ்லி எனப் பிற கப்பல்கள் தொடர்ந்தன.

தமிழராகிய நமக்கு மகிழ்வூட்டுவது மற்றொரு கப்பல். அதன் பெயர் டிரிங்கோமலி. நம் திருகோணமலையே அது. அதன் வரைபடங்களை ஏற்றி வந்த கப்பல் 1812இல் அமெரிக்கரால் அழிக்கப்பட்டது. மறுபடியும் வரைபடம் வந்து சேர, 1816இல் பார்சி மரபுப்படி அடிமரத்தில் வெள்ளியாணி அறைந்து பணி தொடங்கினர். 1817 அக்டோபர் 12இல் கப்பல் நீரில் இறங்கியது. இருநூறு ஆண்டுகள் கடந்தும், இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் அது இன்றும் மிதந்து நிற்கின்றது.

1821இல் ஜம்ஷெட்ஜி மறைந்தார். மைந்தர் நௌரோஜி அப்பொறுப்பை ஏற்றார். அவர் கட்டிய கப்பல்கள் அந்நியரின் போர்களுக்கே பயன்பட்டன என்பதை நாம் மறத்தலாகாது. சீனாவைப் பணியவைத்த 1842ஆம் ஆண்டு நான்கிங் உடன்படிக்கை கையொப்பமானதும் கார்ன்வாலிஸ் கப்பலில்தான். ஆட்சி அவர்களுடையது, கைத்திறன் நம் நாட்டாருடையது. அத்திறனுக்குத் துணைநின்ற எண்ணற்ற தச்சர்களின் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை.

பிறந்த ஊரை விட்டு வந்தவர்க்கு நிலமும் செல்வாக்கும் துணையாவதில்லை. கற்ற தொழிலே துணை. பன்னிரண்டு ரூபாய்த் தச்சராகத் தொடங்கிய ஜம்ஷெட்ஜியின் வாழ்வு உணர்த்துவது இதுவே. நம் காலனிச் சிறுவர் இதனை நெஞ்சிற் கொள்வாராக.