இராமலிங்க அடிகளும் ஆறாம் அறிவும்

மக்களுக்கும் விலங்குகளுக்கும் உள்ள வேற்றுமை யாது என்னும் வினா மிகத் தொன்மையானது. தொல்காப்பியர் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்து, மனமாகிய ஆறாம் அறிவை மக்கட்கு உரியதாக்கினார். பிரெஞ்சு நாட்டுத் தத்துவ ஞானி டேக்கார்ட்டு (1596–1650) விலங்குகளை ஆன்மா இல்லாப் பொறிகளுக்கு ஒப்பிட்டார். அவ்வாறாம் அறிவின் பயன் யாது என்பதைத் தம் வாழ்வினாலேயே விளக்கிய பெரியார் ஒருவர், நம் உளுந்தூர்ப்பேட்டைக்குத் தென்கிழக்கே அணித்தாயுள்ள வடலூர்ப் பகுதியில் வாழ்ந்தார். அவரே இராமலிங்க அடிகள்.

அடிகள் 1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் மருதூரில் இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாம் மகவாய்த் தோன்றினார். இளமையிலேயே தந்தையை இழந்து, சென்னையில் தமையனார் சபாபதியின் ஆதரவில் வளர்ந்தார்.

1854-இல் மனுமுறைகண்ட வாசகம் என்னும் உரைநடை நூலை வெளியிட்டார். அரசிளங்குமரன் ஊர்ந்த தேர்க்காலில் ஓர் ஆன்கன்று மடிய, தாய்ப்பசுவின் துயர் கண்ட சோழன் தன் மைந்தனையும் அவ்வாறே தேர்க்காலில் இட்ட வரலாறு அது. கன்றின் உயிரும் மகனின் உயிரும் நீதியின்முன் ஒரு நிறையாயின.

பின்னர்க் கருங்குழியில் தங்கிய அடிகள், 1865-இல் சன்மார்க்க சங்கத்தை நிறுவினார். 1867 மே 23-ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அவர் கொள்கை சீவகாருணிய ஒழுக்கம் எனப்படும். எல்லா உயிர்களும் இறைவனால் படைக்கப்பட்டமையின் தம்முள் சகோதர உரிமை உடையன. பிறவுயிரின் துன்பங்கண்டு உருகி, அதனை நீக்க முயல்வதே மனிதப் பிறவியின் பயன் என்பது அதன் சாரம். ஆகவே ஆறாம் அறிவு ஏனைய உயிர்களை ஆளும் பட்டயம் அன்று. அவற்றுக்குச் செலுத்த வேண்டிய கடன்.

இக்கொள்கைக்கு ஒரு கடுஞ்சோதனை உண்டு. புலாலுண்போர் பசித்து வந்தால் என் செய்வது? கொலை தவிர்த்தோரை அகவினத்தார் என்றும், தவிராதோரைப் புறவினத்தார் என்றும் அடிகள் பிரித்தார். ஆயினும் புறவினத்தாரின் பசியையும் ஆற்றுதல் வேண்டுமென்றே விதித்தார். பசிக்குமுன் அவர் வேற்றுமை பாராட்டவில்லை.

1871-இல் ஆங்கில அறிஞர் டார்வின், மனிதனும் விலங்கும் ஒரு வழித்தோன்றல்களே என்றும், அவற்றின் அறிவிடையே உள்ள வேற்றுமையும் அளவினால் ஆயதே என்றும் எழுதினார். உடல்வழி உறவை அவர் ஆராய்ந்து காட்டினார். அவ்வுறவுக்குரிய கடமையை அடிகள் உலையேற்றிக் காட்டினார்.

1872-இல் சத்திய ஞானசபை தொடங்கப்பெற்றது. 1874 ஜனவரி 30-ஆம் நாள் அடிகள் மேட்டுக்குப்பத்தில் அறையினுள் புகுந்து திருக்காப்பிட்டுக் கொண்டார். தருமச்சாலை அடுப்பு இன்றளவும் எரிகின்றது. மாணவர்காள்! பரீட்சையில் தேறும் அறிவு நம்மிடம் வளர்கின்றது. பிறர் பசியறியும் அறிவும் உடன் வளர்தல் வேண்டும்.